முதலில் பூட்ஸ், அப்புறம்தான் வேடர்ஸ்

டனீடினில் இருக்கும் ஒரு தம்பி வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: "அக்கா, அக்டோபர் ஒண்ணு மீன்பிடி சீசன் ஆரம்பிக்குது. நல்ல வேடர்ஸா ஒண்ணு சொல்லுங்க. எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல." வேடர்ஸ் என்றால் ஆற்றுக்குள் நனையாமல் நிற்கப் போடும், பாதத்தையும் சேர்த்து மூடும் நீர்புகா உடை. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மார்பு வரை வரும் விலையுயர்ந்த வேடர்ஸை வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் காசில் கிடைக்கிற பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள். அவனுக்கு வாய்ஸ் நோட் அனுப்பத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கிலில். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். லீவு நாளில் ஓரெட்டி ஆற்றிலோ மட்டாவ்ராவிலோ டிரவுட் மீன் பிடிக்கப் போவேன். வீட்டுக்காரர் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபிளாஸ்க் காபியைக் காலி செய்வார். பழுப்பு டிரவுட் இந்த ஊர் மீனே கிடையாது. 1867-இல் டாஸ்மேனியாவிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு அது இந்தப் பக்கத்துக்கே அடையாளம். மட்டாவ்ரா கரையில் உள்ள கோர் ஊரில் அதற்கு ஒரு பெரிய சிலையே நிற்கிறது. ஆனால் டிரவுட்டை இந்த நாட்டில் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. மசாலா தடவி வறுத்துச் சாப்பிட ஆசைப்பட்டால் லைசென்ஸ் வாங்கி நீங்களேதான் ஆற்றில் இறங்க வேண்டும். அந்த ஆற்றுத் தண்ணீரோ அக்டோபரில் மலைப்பனி கரைந்து வரும் தண்ணீர். வெறுங்காலை விட்டால் எலும்பு வரை வலிக்கும்.

முதலில் பூட்ஸ் ஏன் என்று சொல்கிறேன். ஜனவரி, பிப்ரவரி இங்கே கோடை. அப்போது பாதிப் பேர் வேடர்ஸே போடுவதில்லை. பாலிப்ரோ என்று எல்லோரும் சொல்லும் ஒட்டிய தெர்மல் பேன்ட், அதற்கு மேலே அரைக்கால் டிரவுசர், காலில் வேடிங் பூட்ஸ், அவ்வளவுதான். முதல் தடவை பார்த்தபோது இது என்ன கோலம் என்று நினைத்தேன். இப்போது நானும் அதே கோலத்தில்தான் நிற்கிறேன். பாலிப்ரோ தண்ணீரைக் குடிக்காது, வெளியே வந்து பத்து நிமிடம் நடந்தால் காய்ந்துவிடும், சாண்ட்ஃப்ளை என்கிற குட்டி ஈயின் கடியும் துணி மூடிய இடத்தில் இருக்காது. ஆக, வேடர்ஸ் இல்லாமல் கோடை முழுக்க மீன் பிடிக்கலாம். பூட்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட முடியாது.

தாமிரபரணியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, எனக்கும் இருந்தது: பாசி பிடித்த பாறையில் நடக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உண்மைதான், வெறுங்காலில் நடந்தால். கால்விரல் பாறையைப் பிடிக்கும், வழுக்கப் போகிறது என்பது பாதத்துக்கு முன்கூட்டியே தெரியும். கனமான பூட்ஸுக்குள் அந்த அறிவு வேலை செய்யாது. அங்கே உங்களுக்காக வேலை செய்ய வேண்டியது அடிப்பாகம்.

ஒரு காலத்தில் மீன்பிடி பூட்ஸ் என்றால் அடியில் கம்பளி மாதிரி தடித்த ஃபெல்ட்தான். பாசிப் பாறையில் அதற்கு ஈடு இல்லை என்று பழைய ஆட்கள் இன்னும் புலம்புவார்கள். எனக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தவர் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஃபெல்ட் பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் சிவந்துவிடும். ஆனால் நியூசிலாந்தில் 2008 முதல் ஃபெல்ட் போட்டு மீன் பிடிக்கத் தடை. காரணம் டிடிமோ என்கிற ஒரு நுண்பாசி. 2004-இல் எங்கள் சவுத்லாந்தில்தான், வையாவ் ஆற்றின் கீழ்ப்பகுதியில், முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கி, ஆற்றின் கற்களையெல்லாம் பழுப்புப் பஞ்சுப் போர்வையாக மூடிவிடும். பார்க்கச் சளி மாதிரி இருக்கும், தொட்டால் கொழகொழப்பே இருக்காது, ஈரக் கம்பளி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், இந்த ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். ஃபெல்ட் நாள்கணக்கில் ஈரம் காயாமல் வைத்திருக்கும். டிடிமோவுக்கு அதைவிட வசதியான வண்டி கிடையாது. தெற்குத் தீவில் பல ஆறுகளில் பரவிவிட்டது, வடக்குத் தீவுக்கு இன்னும் போகவில்லை. வெளிநாட்டு ஆன்லைன் கடைகளில் ஃபெல்ட் பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். இங்கே போட முடியாது.

அதனால் ரப்பர் அடிதான். ரப்பரிலும் வித்தியாசம் உண்டு. கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சமாவது கொடுக்கிற மென்மையான ரப்பர் ஈரக் கல்லைப் பிடிக்கும். கல் மாதிரி இறுகிய ரப்பர் மலையேறத்தான் லாயக்கு. ஓரெட்டி, மட்டாவ்ரா மாதிரி கூழாங்கல் படுகை என்றால் வெறும் ரப்பரே போதும். பெரிய உருண்டைப் பாறைகள் உள்ள இடம் என்றால் டங்ஸ்டன் கார்பைடு ஆணிகளை அடியில் திருகிக்கொள்ளலாம், அதற்குத் தோதாகப் பள்ளம் உள்ள அடிப்பாகமா என்று பார்த்து வாங்குங்கள். ஆணி போட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும், சத்தமும் நன்றாகவே இருக்கும். வழுவழுப்பான காய்ந்த பாறையில் மட்டும் ஆணி சறுக்கும். காரின் மிதியடி, நண்பர் வீட்டு மரத்தரை, காற்றடைத்த படகு மூன்றிலும் அந்த பூட்ஸோடு காலை வைக்காதீர்கள். தரையில் கிடக்கும் ஃப்ளை லைன், அதாவது தூண்டில் கயிறு, மேலும் மிதிக்காதீர்கள், அதுவும் காசுதான்.

அளவு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். என் கால் சின்னது. ஒரு கடையில் ஆண்கள் அளவில் மிகச் சிறியதைக் கொடுத்து, "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோங்க, சரியாயிடும்" என்றார்கள். சரியாகாது. வேடர்ஸின் பாதம் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் சாக்ஸ் மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு கம்பளி சாக்ஸ். இரண்டையும் போட்டுக்கொண்டுதான் பூட்ஸை அளவு பார்க்க வேண்டும். பெரும்பாலும் வழக்கமான அளவுக்கு ஒரு சைஸ் கூட வரும். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். இறுக்கிக் கட்டினால் சூடாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப் போகும். இதை நான் நர்ஸாகவும் சொல்கிறேன். கோடையில் வேடர்ஸ் இல்லாமல் அதே பூட்ஸைப் போடும்போது தொளதொளக்கும், அதற்குத் தனியாக நியோப்ரீன் சாக்ஸ் விற்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வேடர்ஸ். நியோப்ரீன், காற்றுப் போகும் துணி என்று இரண்டு வகையை மட்டும் கவனித்தால் போதும். பிவிசி வகை குளத்தில் இறங்கி வலை இழுக்கச் சரி, நாள் முழுக்க நடக்க ஆகாது. நியோப்ரீன் என்பது காற்றுக்குமிழ் அடைத்த ரப்பர், குளிருக்கு நல்ல கவசம். குளிர்காலத்தில் ஏரியில் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு அதுதான். எங்கள் ஊரில் மீனைத் தேடி ஆற்றோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். நியோப்ரீனில் நடந்தால் வெளித் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் உள்ளேயே வியர்வையில் குளித்துவிடுவீர்கள். அதனால் கோர்டெக்ஸ் மாதிரி சவ்வு வைத்த துணி. அது சூடு தராது, தண்ணீரைத் தடுத்து ஆவியை வெளியே விடும், அவ்வளவே. சூட்டுக்கு உள்ளே கம்பளியோ ஃப்ளீஸோ போட வேண்டும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டு, "வேடர்ஸ் ஒழுகுது" என்று கடையில் சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். கால் முழுக்கச் சீராக ஈரமாக இருந்தால் அது வியர்வை. ஒரே இடத்தில் நனைந்து, அங்கிருந்து கீழே இறங்கியிருந்தால்தான் ஓட்டை.

பெண்களுக்காக ஒரு பத்தி, ஏனென்றால் வேறு யாரும் இதை எழுதுவதில்லை. ஆண்கள் வேடர்ஸில் சின்ன சைஸ் வாங்கினால் இடுப்பு பிடிக்கும், கால் நீளம் மிஞ்சும், பாதத்தில் நியோப்ரீன் மடிந்து கிடக்கும். அந்த மடிப்பு பூட்ஸுக்குள் உரசி உரசி முதலில் அங்கேதான் தேயும். பெண்கள் அளவில் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், கடையில் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். கடையிலேயே மாட்டிக்கொண்டு ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், அப்புறம் குந்தி உட்காருங்கள். கவட்டைத் தையல் இழுத்தால் அந்த ஜோடி வேண்டாம், கிழிவது அந்தத் தையலில்தான். அப்புறம் ஒன்றுக்குப் போகிற விஷயம். முன்னால் ஜிப் வைத்த வேடர்ஸை வசதி வசதி என்று விற்கிறார்கள், அந்த வசதி நமக்கு இல்லை. தோள்வாரை ஜாக்கெட்டைக் கழற்றாமலே விடுவித்து இறக்க முடிகிற மாடலா என்று பாருங்கள். நான் மார்பு வேடர்ஸ்தான் வைத்திருக்கிறேன். சின்ன ஆறு என்றால் மேல் பாதியை இடுப்புக்கு மடக்கி பெல்ட் கட்டிக்கொள்வேன்.

பெல்ட் என்றதும் சொல்லிவிடுகிறேன். பெல்ட் கட்டாமல் யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. என்னோடு வருபவர்கள் கட்டவில்லையென்றால் திரும்பிக் காருக்கே அனுப்பிவிடுவேன். வேடர்ஸில் தண்ணீர் நிறைந்தால் அது ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை, அது இழுக்காது. ஆனால் பானை மாதிரி நிறைந்த காலை ஆற்றோட்டம் தள்ளும், கரையில் ஏற முயன்றால் காலைத் தூக்கவே முடியாது. பெல்ட் இறுக்கமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போவது குறையும், உள்ளிருக்கும் காற்றும் கொஞ்சம் மிதக்க வைக்கும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் ஓட்டம் போகும் திசையில் இருக்கும்படி மிதந்து, கையால் கரைப்பக்கம் துடுப்புப் போட வேண்டும். ஓட்டத்தின் நடுவில் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாட்டில் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிச் செத்தவர்கள் அத்தனை பேர், அதற்கு 'நியூசிலாந்துச் சாவு' என்றே பேர் இருந்தது.

இப்போது பராமரிப்பு. வேடர்ஸ் கெட்டுப்போவது ஆற்றில் இல்லை, காருக்கும் ஆற்றுக்கும் நடுவிலும் வீட்டுக் கராஜிலும்தான்.

கார் நிறுத்துமிடத்தில் ஆட்கள் உடை மாற்றுவதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். நியோப்ரீன் பாதத்தோடு சரளைக் கல் மேல் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு மற்ற காலை நுழைப்பார்கள். ஊசி முனை அளவு ஓட்டை விழ அது போதும். ஒரு பிளாஸ்டிக் டப் வாங்கி டிக்கியில் போடுங்கள். அதற்குள் நின்று மாற்றலாம், திரும்பும்போது ஈர பூட்ஸை அதிலேயே போட்டுக் கொண்டுவரலாம். அப்புறம் கணுக்காலில் ஒரு மடிப்பும் கொக்கியும் இருக்குமே, பலர் அது எதற்கென்றே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அதை பூட்ஸுக்கு மேலே இறக்கி, கயிற்றில் கொக்கியை மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஆற்று மணல் பூட்ஸுக்குள் போய் நியோப்ரீனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்த்துவிடும்.

வழியில் எதிரிகள் மூன்று. மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் புதர், மட்டகௌரி முள், பண்ணைகளின் முள்வேலி. இங்கே பல இடங்களில் பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் நிலம் வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். கேட்கும்போதே வேலியை எங்கே தாண்டலாம் என்றும் கேட்டுவிடுங்கள். கேட் இருக்கும், மரப்படி இருக்கும். மட்டகௌரிக்குக் குறுக்கு வழி கிடையாது, சுற்றிப் போங்கள். அந்த முள் விரல் நீளம் இருக்கும். குத்தியது அப்போது தெரியாது, அடுத்த தடவை இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது தெரியும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. சவ்வுத் துணி வேடர்ஸ் என்றால் உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, மேசையில் விரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஸ்பிரே செய்ய வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும். (வேலையிடத்திலிருந்து எடுத்துவந்ததில்லை, சந்தேகப்படாதீர்கள்.) சவ்வு முழுதாக இருக்கும் இடத்தில் ஒன்றும் நடக்காது. ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஆல்கஹால் ஊறி, கறுத்த ஒரு புள்ளி சட்டென்று தெரியும். பேனாவால் வட்டம் போடுங்கள். ஆல்கஹால் ஆவியானதும் அக்வாசீல் பசையை ஒரு சொட்டு வைத்து, பத்துப் பைசா அளவுக்கு மெல்லிசாகப் பரப்பி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். ஆற்றங்கரையிலேயே ஒட்ட, வெயில் பட்டால் நிமிடங்களில் இறுகும் வகையும் உண்டு. பாதத்து நியோப்ரீனுக்கு ஆல்கஹால் வித்தை பலிக்காது. அதில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு வெளியே எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டியதுதான். காய்ந்த பிறகே பசை போட வேண்டும். திறந்த அக்வாசீல் டியூப் அலமாரியில் இருந்தால் அடுத்த தடவைக்குள் கல்லாகிவிடும். ஃப்ரீஸரில் வைத்தால் தாங்கும். எங்கள் வீட்டில் அது துருவிய தேங்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் இருக்கிறது. "என்னது இது, ஃப்ரிட்ஜா கராஜா?" என்று வீட்டுக்காரர் கேட்பார், நான் பதில் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழுவுவது சட்டமும்கூட. டிடிமோவைத் தெரிந்தே பரப்புவது குற்றம். முதலில் பூட்ஸ் கயிற்றிலும் அடியிலும் சிக்கிய பாசியை ஆற்றங்கரையிலேயே எடுத்துப் போட்டுவிட வேண்டும். அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விட் ஐந்து சதவீதம், அதாவது அரை லிட்டர் லிக்விடோடு தண்ணீர் சேர்த்துப் பத்து லிட்டர். அதில் குறைந்தது ஒரு நிமிடம் நனைந்திருக்க வேண்டும். பூட்ஸ் மாதிரி தண்ணீர் உறிஞ்சும் பொருள் என்றால் உள்வரை ஊறும் அளவுக்குக் கூடுதல் நேரம். அல்லது முழுக்கக் காயவிட்டு, தொட்டால் ஈரமே இல்லை என்று ஆன பிறகு இன்னும் 48 மணி நேரம். காலையில் ஓரெட்டி, மத்தியானம் மட்டாவ்ரா என்று திட்டம் போடுகிறவர்கள் வாளியையும் லிக்விடையும் காரிலேயே வைத்திருக்க வேண்டும். 2023-இல் வடக்குத் தீவின் வைகாட்டோ ஆற்றில் அந்நியச் சிப்பி ஒன்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் வடக்கே போய் மீன் பிடித்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சோப்பு போட்டதை நன்றாக அலசிவிடுங்கள், சோப்பு மிஞ்சினால் துணி மேல் தண்ணீர் உருண்டு ஓடாது. காயவைப்பதில் பொறுமை வேண்டும். வெளிப்பக்கம் காய்ந்ததும் உள்பக்கத்தைத் திருப்பி இன்னொரு தடவை. வெயிலில் நேரடியாகப் போட வேண்டாம், இங்கத்து வெயில் ஊர் வெயிலைவிட மென்மையாகத் தெரியும், ஆனால் புற ஊதாக் கதிர் கடுமை. பூட்ஸை ஹீட்டர் முன்னால் வைத்தால் அடிப்பாகத்துப் பசை விட்டுக்கொள்ளும். இன்சோலை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, காற்றோட்டமாக வைத்தால் போதும். சீசன் முடிந்ததும் வேடர்ஸை மடிக்காமல் தொங்கவிடுங்கள். மடித்த இடத்தில் சவ்வு விரிசல் விடும், கராஜ் மூலையில் கிடந்தால் எலி கூடு கட்டும். இன்வர்கார்கில் குளிர்காலத்து ஈரத்தில் பூஞ்சணமும் வரும், நான் கராஜில் சின்னதாக ஒரு டீஹ்யூமிடிஃபையர் ஓட விடுகிறேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேடர்ஸ் வாங்கலாம், பார்த்து. விற்பவரிடம் உள்பக்கத் தையல்களின் போட்டோ கேளுங்கள். தையல் மேல் ஒட்டிய டேப் ஓரங்களில் பழுப்பாகிச் சுருண்டிருந்தால் வேண்டாம், அதை யாராலும் சரிசெய்ய முடியாது. அங்கங்கே பசைப் பொட்டு இருந்தால் பயப்படாதீர்கள், பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம், அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேட்கலாம். பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள்.